நாலாவது கூறு

யாரும் விரல் மாட்டாத கிளிப்பில் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

ஈவாஞ்சலின் அதைக் கவனித்தபோது வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. லேப்டாப் திரையில் எப்போதும் இரண்டு கோடுகள் ஓடும். மேலே ஓடும் பச்சைக் கோடு, சோதனைக்கு வந்து உட்காருகிறவரின் இடது கை விரல்களில் மாட்டும் கிளிப்புக்கு உரியது. பயந்தால், ஆசைப்பட்டால், மனசு பதறினால் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத வேர்வை பூக்கும். அந்த ஈரத்தைக் கருவி கோடாக வரைந்து காட்டும். கீழே ஓடும் சிவப்புக் கோடு கருவியோடு கூடவே வந்த இரண்டாவது ஜோடி கிளிப்புக்கு உரியது. ஒரு சமயத்தில் ஒரு ஆளைத்தான் சோதிக்கிறாள் என்பதால் அந்த ஜோடியை வந்த நாளிலேயே சுருட்டி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டாள். நாலு மாதமாக அது படுத்துக் கிடக்கும் கோடு. இன்றைக்கு அது மெல்ல ஏறியது, உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறியது.

டிராயரை இழுத்துப் பார்த்தாள். கிளிப் இரண்டும் நனைந்திருந்தன. கைக்குட்டையால் துடைத்ததும் கோடு படுத்துவிட்டது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு ஏறாத சாமான் கிடையாது, பூட்டே பத்து நாளில் துருவேறிவிடும், கிளிப் நனைவதற்கு என்ன கேடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் இதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொண்டாள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

அந்த அறைக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. பீச் ரோட்டுக்குப் பின்னால், சங்கைக் குவித்து வைக்கும் சரக்கறையாக இருந்த ஒரு பழைய கிட்டங்கியின் மாடி அது. வாடகை குறைவு, சங்கு குளிக்கிறவர்கள் நடந்து வந்துவிடும் தூரம் என்று எடுத்தாள். சங்கின் சதை அழுகி அழுகி எழுபது எண்பது வருசமாகச் சுவரில் ஊறிய வாடை எந்த பினாயிலுக்கும் அசையவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும், ராத்திரி தலையணையில் அதே வாடை வந்தது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் கிரேன்கள், நிலக்கரித் தூசி, அதற்கும் அப்பால் நவம்பர் மழை கட்டி நிற்கும் கடல். கீழே கடை வைத்திருக்கும் முத்துக்கனி அண்ணாச்சிதான் சாவிக்காரர். காலையில் அவளிடம் சாவியை நீட்டுவார். மாடிப்படி பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

சோதனை என்னவோ உலகம் பூராவும் நடக்கிற சோதனைதான். முன்பின் தெரியாத ஒரு காரியத்தில் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பார்ப்பது. நாலு சீட்டுக்கட்டு வைப்பார்கள். இரண்டு கட்டு அள்ளிக் கொடுப்பதுபோல் கொடுத்து அதைவிட அதிகமாகப் பிடுங்கிவிடும். இரண்டு கட்டு கொஞ்சமாகக் கொடுத்து, கொஞ்சமாகவே பிடுங்கி, கடைசியில் லாபத்தில் விடும். இதில் விசேஷம் என்னவென்றால், எது கெட்ட கட்டு என்று புத்திக்குத் தெரிவதற்கு முன்னாலேயே விரல் நுனிக்குத் தெரிந்துவிடுகிறது. கை நீளுவதற்கு ஐந்து விநாடி முன்னால் கோடு ஏறும். உடம்பு முதலில் பயப்படும், மனிதர் பிறகுதான் பயப்படுவார். கடலுக்குள் தினமும் உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறவனின் விரல் எப்போது பயப்படுகிறது என்பதுதான் அவளுடைய ஆறு வருச ஆராய்ச்சி.

சீட்டுக்கட்டில்தான் தகராறு வந்தது. அவள் வேலை பார்த்த மிஷன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் ஒரு பெரியவர், "சீட்டா? நம்ம காம்பவுண்டுக்குள்ளயா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஈவாஞ்சலினுக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். நாசரேத்தில் அவள் பிறந்த வீட்டு வாசற்படியைச் சீட்டுக்கட்டு தாண்டியதில்லை, அவளுக்குக் கலைத்துப் போடவும் தெரியாது. சீட்டுக்குப் பதிலாக முத்துச்சிப்பி என்று மாற்றினாள். கிட்டங்கிக்குப் பின்னால், கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த காலத்திலிருந்து வாய் கட்டிக் கிடந்த ஒரு சாக்கை முத்துக்கனி அண்ணாச்சியைக் கேட்டு மேலே தூக்கிவரச் செய்தாள். ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் வளையல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாசிகளைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினாள். வெள்ளைப் பாசி வந்தால் ஆதாயம், கறுப்புப் பாசி வந்தால் அத்தனை வெள்ளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தட்டுக்கு நாற்பது சிப்பி, நாலு தட்டு. கட்டு என்ற சொல்லும் வேண்டாம், குவியல் என்றால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்று யோசித்து, மீன் ஏலத்தில் பங்கு பிரித்து வைக்கும் குவியலுக்குச் சொல்லக் கேட்ட சொல்லைப் போட்டாள். கூறு. முதல் கூறு, இரண்டாம் கூறு, மூன்றாம் கூறு, நாலாம் கூறு. குழு அன்றைக்கே கையெழுத்துப் போட்டது. அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஒரு வாரம் பெருமைப்பட்டாள்.

உப்பளத்துத் தொழிலாளர்கள் வந்தார்கள், லாரி டிரைவர்கள் வந்தார்கள், நாலு கூறிலும் கை வைத்தார்கள். சங்கு குளிக்கிறவர்கள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இருபத்திரண்டு பேரும், கை நீட்டுவதற்கு முன்னால், தண்ணீருக்குள் போகிறவன் இழுக்கிற மாதிரி ஒரு நீண்ட மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட நாலாம் கூறைத் தொடவில்லை. இருப்பதிலேயே நல்ல கூறு அதுதான். ஆனால் அதன் பக்கமாகக் கை கடந்து போகும்போதெல்லாம் பச்சைக் கோடு செங்குத்தாக ஏறியது, முதல் சிப்பியை எடுக்கும் முன்னாலேயே. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். அது நமக்கு இல்ல டீச்சர்.

திருநெல்வேலியிலிருந்து அன்று காலையில் போன் வந்திருந்தது. அவளுடைய கைடு சிவசுப்பிரமணியன் காலை வணக்கம் சொல்கிற ஆள் இல்லை.

"ஒருத்தன்கூடவா எடுக்கல? அது டேட்டா இல்லம்மா, டிசைன் கோளாறு. எக்ஸாமினர் கிழிச்சித் தொங்க விட்டுருவான்."

"இன்னைக்குக் கடைசி ஆள் ஒருத்தர் வாராரு சார்."

"அவன எடுக்க வை. எப்படி வைப்பியோ எனக்குத் தெரியாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஃபைல் வரலன்னா ரிஜிஸ்ட்ரேஷன் போச்சு. அதுக்கப்புறம் என் ரூம் பக்கம் வராத."

ரிஜிஸ்ட்ரேஷன் போனால் பட்டம் போகும், பட்டம் போனால் கல்லூரியில் அவள் உட்கார்ந்திருக்கும் தற்காலிக நாற்காலியும் போகும். ஆறு வருசம். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தொட மறுத்த அந்த இருபத்திரண்டு பேர் மேலும் வந்தது.

இருபத்துமூன்றாவது ஆள் வளன் நாலு மணிக்கு வந்தார். திரேஸ்புரத்துக்காரர், வயது நாற்பதுக்கு மேல், இருபது வருசமாகச் சங்கு குளிக்கிறவர். உப்புத்தண்ணீரில் சிவந்து பழகிய கண். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். அவளைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார், பிறகு அவளுடைய நாற்காலியைப் பார்த்தார்.

"மழ வாரதுக்குள்ள முடிச்சிருங்க டீச்சர்."

கிளிப்பை மாட்டினாள். விரல் மாட்டி ஒரு நிமிடம் ஆனால் லேப்டாப் தானாகவே பேச ஆரம்பிக்கும்படி வைத்திருந்தாள்; ஒரே விளக்கத்தை நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டியதால் தன் குரலையே பதிந்து வைத்துவிட்டாள். அது இனிமையாகப் பேசியது.

"வணக்கம். பங்கேற்பாளரை வரவேற்கிறோம். உங்கள் முன்னால் நாலு கூறு இருக்கிறது. எந்தக் கூறிலிருந்து வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லை. இடது கையை மட்டும் அசைக்கவேண்டாம்."

வளன் லேப்டாப்பை முறைத்தார். "பங்கேற்பாளர்னா?"

"சோதனையில கலந்துக்கிடுதவங்க அண்ணாச்சி."

"பங்கு ஏக்க வந்தவன்னுல்லா சொல்லுது. நான் பங்கு ஏக்க வரல. கூப்பிட்டீயன்னு வந்தேன். அத எழுதிக்கிடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ கிறுக்கினாள். அவர் மூச்சை இழுத்து அடக்கினார், கை நீட்டினார். முதல் கூறில் இரண்டு, இரண்டாம் கூறில் மூன்று, கறுப்புப் பாசி வந்ததும் மூன்றாம் கூறுக்கு மாறினார். அங்கேயே எடுத்தார். மூன்றாம் கூறு நாற்பதும் தீர்ந்த பிறகு, பக்கத்தில் முழுசாக இருந்த நாலாம் கூறை விட்டுவிட்டு, தோற்கிற கூறு என்று தெரிந்தே முதலாவதுக்குத் திரும்பினார். பச்சைக் கோடு சொன்ன கதை இருபத்திரண்டு பேர் சொன்ன அதே கதை. ஈவாஞ்சலினுக்குப் பல் கூசியது.

"கொஞ்சம் வெளிய நின்னு தண்ணி குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

அவர் கிளிப்பைக் கழற்றி வெளியே போனதும் நாலாம் தட்டைத் தூக்கி முதலாவது இருந்த இடத்தில் வைத்தாள், முதலாவதை நாலாவதின் இடத்தில் வைத்தாள். இடம் மாற்றி வைப்பது ஆராய்ச்சியில் ஒப்புக்கொண்ட முறைதான். தட்டுக்கு அடியில் அவள் விரல் ஈரமானதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார், உட்கார்ந்தார், கிளிப்பை மாட்டிக்கொண்டார், மூச்சை இழுத்தார். கை முதலாவது இடத்துக்கு மேலே போனது. கோடு செங்குத்தாக ஏறியது. கை நின்றது, பின்வாங்கியது. தட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"இடத்த மாத்திட்டா கூறு மாறிருமா டீச்சர்?"

"ஒரேயொரு சிப்பி எடுங்க. பிளாஸ்டிக் பாசிதான அண்ணாச்சி, உங்கள என்ன செய்யும்?"

"பாசி உங்களது. சிப்பி யாருது?"

"கீழ பின்னால கெடந்தது. ஒரு சாக்கு."

"சாக்கு வாய் கட்டியிருந்துச்சா?"

அவள் தலையாட்டினாள். வளன் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குளிக்க எறங்குனவன் ஏறி வரலன்னா அவனுக்கும் ஒரு கூறு, கடைசிக் கூறா, வைக்கது உண்டு. அன்னைக்கே கடல்ல கொட்டிரணும். கொட்டலன்னா வாயக் கட்டி வச்சிருவாங்க, யாரும் அவுக்கப்பிடாது." அவர் குரலில் கோபம் இல்லை; கணக்கு சொல்கிற மாதிரி சொன்னார். "நீங்க அவுத்திருக்கீய. கூறு போட்டிருக்கீய. பங்கு ஏக்கவங்க வாங்கன்னு மிஷின வச்சிக் கூப்பிட்டிருக்கீய. எத்தன நாளா?"

"நாலு மாசம்."

"அதான்" என்றார். மறுபடி அவளுடைய நாற்காலியைப் பார்த்தார்.

எழுந்து நாலாம் தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். "நான் கொண்டுபோய்க் கொட்டிருதேன். வெளிச்சம் இருக்கு."

அவள் குறுக்கே போய் நின்றாள். "கீழ வைங்க. அது என் தீசிஸ். உங்க மூடநம்பிக்கைக்காக என் ஆறு வருசத்தக் கடல்ல கொட்ட முடியாது."

தன் குரல் இவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வளன் அங்கே இருந்த முதலாவது தட்டை முழங்கையால் நகர்த்திவிட்டு, நாலாம் தட்டை அதன் பழைய இடத்தில், நாலாவது இடத்தில், அலுங்காமல் வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் கல்லூரி அன்பளிப்பாகக் கொடுக்கும் டார்ச் லைட்டை அவள் நீட்டினாள். வாங்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"எப்படியும் எடுப்பீய. பாத்தாலே தெரியுது. எல்லாத்தையும் எடுத்துராதீய. அவனுக்கு ஏதாவது மிச்சம் வைங்க."

படியில் அவர் இறங்கும் சத்தம் தேய்ந்தது. ஐந்தே கால். மழை பிடித்துக்கொண்டது, ஓட்டுக் கூரையின் மேல் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு மொத்தமாக. ஜன்னலில் கிரேன்கள் மறைந்தன, கடல் மறைந்தது, டியூப்லைட்டின் ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது, அதற்கு அடியில் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம், அது அறைக்கு உள்ளேதான் என்று தெரிந்தும் அவள் தேடிப் போகவில்லை.

யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வளனுடைய தாள் பாதியில் நிற்கிறது. ஒரு ஆள், பத்து சிப்பி, நாலாம் கூறிலிருந்து பத்தே பத்து. யார் விரல் என்று கோட்டில் எழுதியா இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் அவள். பொய் எழுதப் போகிறோம் என்று தெரிந்தபோது காது மடல் சுட்டது. சுட்டாலும், தட்டுகளைச் சரியாக அடுக்கிவிட்டு, மூன்றாம் கூறின் சிப்பிகளுக்கு மறுபடி ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டு, மேசையைச் சுற்றிப் போய் வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாலு மாதத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அறையே வேறு மாதிரி இருந்தது. எதிரே அவளுடைய நாற்காலி, அதற்குப் பின்னால் சங்கு அடுக்கிய பழைய மரத்தட்டுகள், அவற்றின் இருட்டு. நாற்காலி மெத்தையின் நடுவில் வட்டமாக ஒரு கரும் ஈரம் ஊறியிருந்தது. ஓடு ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மேலே பார்க்கவில்லை.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். இடது கையில் கிளிப்பை மாட்டினாள். ஒரு நிமிடம் கழித்து அவள் குரல் அவளை வரவேற்றது. திரையில், சங்கு குளிக்கிறவர்களுக்கான வரிசையில், பங்கேற்பாளர் 23. இடது கையை மட்டும் அசைக்கவேண்டாம்.

முதலில் அங்கொன்று இங்கொன்றாக எடுத்தாள், உண்மையான ஆள் எடுக்கிற மாதிரி. பிறகு நாலாம் கூறுக்குக் கையை நீட்டினாள். ரப்பர் பேண்ட் இற்றுப்போய்த் தொட்டதும் அறுந்தது. உள்ளே இரண்டு வெள்ளைப் பாசி, அவள் போட்டு வைத்ததேதான், கொஞ்சம் நனைந்து. பச்சைக் கோடு ஆடவே இல்லை. பார்த்தீர்களா என்று இல்லாத வளனிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. அடுத்ததை எடுத்தாள். இரண்டு வெள்ளை. அடுத்தது. ஒரு கறுப்பு, மூன்று வெள்ளை. பாசிகள் குவியக் குவிய, வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் தொண்டை வரை வந்தது.

எட்டாவது சிப்பியில்தான் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

அவள் மூன்றாம் கூறைப் பார்க்கும்போது அது படுத்துக் கிடந்தது. இரண்டாம் கூறைப் பார்க்கும்போதும் படுத்துக் கிடந்தது. நாலாம் கூறை எடுக்கவேண்டும் என்று அவள் நினைப்பதற்கு முன்னாலேயே ஏறியது. ஐந்து விநாடி. அவள் மனசில் எண்ணம் வந்தது, கை போனது, சிப்பி திறந்தது, கோடு இறங்கியது. உப்பு ஈரம் ஒரு கோட்டை ஏற்றலாம். நேரம் பார்த்து ஏற்றாது. அது அவளுக்குத் தெரியும்.

பத்தாவது வந்தது. பத்து போதும்.

கை பதினொன்றாவதை எடுத்தது.

நிறுத்தவேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கை நீளுவதற்கு முன்னால் நீண்ட மூச்சை இழுத்து அடக்கிக்கொள்கிறோம் என்பது பதினெட்டாவதில்தான் அவளுக்கே தெரிந்தது. சிப்பிகள் கனத்துக்கொண்டே வந்தன. இருபத்தைந்தாவதில் பாசியோடு கொஞ்சம் தண்ணீர். இருபத்தெட்டாவதில் பாசி இல்லை. கோணலாக, பல் மாதிரி மங்கலாக ஒன்று உருண்டு வந்தது. முத்து. அவள் போடாத முத்து. அறுபது வருசமாக வறண்டு கிடந்த சிப்பிக்குள் ஈரம் காயாத சதை ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கு வாடை இல்லை இது. புது வாடை.

அவனுக்கு ஏதாவது மிச்சம் வைங்க.

முப்பத்தைந்து. அவளுக்குப் பயமாக இருந்தது, வாய் விட்டு அழவேண்டும்போல் பயமாக இருந்தது. பச்சைக் கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது, உடம்பு அவளுடையது இல்லாததுபோல. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பதாவது திறக்கவில்லை. ரப்பர் பேண்ட் அறுந்த பிறகும் இரண்டு ஓடும் இறுகிப் பிடித்துக்கொண்டன. ஸ்கேலை நுழைத்து நெம்பினாள். திறந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தமாக, காய்ந்து, காலியாக இருந்தது.

சிவப்புக் கோடு விழுந்து படுத்தது. சொட்டுச் சத்தம் நின்றது. மழை மட்டும்.

காலித் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். முடிந்தது, எழுந்திரு, விளக்கை அணை, போ. இடது கை நாலாம் தட்டு இருந்த இடத்தில், மேசை மேல் கிடந்தது. வயர் எட்டுவது அவ்வளவுதான். கிளிப்பைக் கழற்ற வலது கையைக் கொண்டுபோனாள். நனைந்து ஊறிய பட்டை விரலில் இறுகிப்போயிருந்தது, நகரவில்லை. இடது கையை இழுத்தாள். வயர் விறைத்தது. மேசைக்கு அடியிலிருந்து, மெதுவாக, அவள் இழுத்த அளவுக்கு அது திரும்ப இழுத்தது.

சிவப்புக் கோடு ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை. உச்சியில் நின்றது. பத்து விநாடி. முப்பது.

எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

டிராயர் திறந்திருந்தது. இரண்டாவது வயர் அதிலிருந்து வெளியே வந்து, மேசை விளிம்பில் வளைந்து, அவளுடைய நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே நின்றது. தொங்கவில்லை. நின்றது. இரண்டு கிளிப்பும் வட்டமாக விரிந்து ஒன்றுமில்லாததைக் கவ்விக்கொண்டிருந்தன. இரண்டு விரல் பருமன். தடித்த விரல்.

ஒரு நிமிடம் ஆயிற்று.

"வணக்கம்" என்றது அவள் குரல், இனிமையாக. "பங்கேற்பாளரை வரவேற்கிறோம்."

திரையில் எண் மாறியது. பங்கேற்பாளர் 24.

"உங்கள் முன்னால் நாலு கூறு இருக்கிறது."

இல்லை, மூன்றுதான் என்று கத்த வாயைத் திறந்தாள். மூன்று தட்டு. நாலாவது இடத்தில் அவள் கை. உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் பாதி திறந்து.

"எந்தக் கூறிலிருந்து வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லை. இடது கையை மட்டும் அசைக்கவேண்டாம்."

எதிர் நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ முன்னால் சாய்கிற கிரீச்சு. பிறகு அந்தச் சத்தம், நாலு மாதமாக அவள் இருபத்துமூன்று பேரிடம் கேட்ட சத்தம், அவளே இப்போது நாற்பது தடவை செய்த சத்தம். நீண்ட மூச்சு. உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. அடக்கிக்கொண்டது.

முதல் கூறின் மேல் சிப்பிகள் நனைந்தன. நாலு விரல், ஒரு பெருவிரல். ஈரத்தடம் ஒரு கணம் நின்றது, விலகியது.

இரண்டாம் கூறு நனைந்தது. விலகியது.

மூன்றாம் கூறு. விலகியது.

பச்சைக் கோடு கடைசியில் ஏறியது. நேராக, திரையின் உச்சிக்கு. அவள் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மேசையின் மரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, மூன்றாம் தட்டைத் தாண்டி, அவள் கையின் பக்கம் வந்தது. நாலு. அவளுடைய திறந்த உள்ளங்கைக்கு மேலே வந்து நின்றது. குளிர்ந்த ஒரு சொட்டு ரேகையில் விழுந்து உருண்டது, எடுக்கிற கை எதை முதலில் எடுப்பது என்று தடவிப் பார்க்கிற மாதிரி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக ஈரம் ஏறியது. அதற்கு அவசரம் இல்லை.